கொம்பு விலகினால், சுழி அடைத்தால், கட்டம் விழுந்தால்: தமிழ் எழுத்தோடு வேலை செய்யும் டிசைன் மாணவர்களுக்கு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கிராஃபிக் டிசைன் படிக்கிற ஒருவர் தமிழில் போஸ்டர் செய்யத் தொடங்கினால், முதல் நாளே "இந்த ஃபொண்ட் சரியில்லை" என்று சொல்லிவிடுவார். அப்புறம் யாரிடமோ இருக்கிற எழுத்துருக் கோப்புகளை எல்லாம் பென்டிரைவில் வாங்கிவந்து கணினியில் ஏற்றுவார். கணினி மெதுவாகும். கோளாறு அப்படியே இருக்கும்.

தமிழ் எழுத்து கெடுவதற்கு மூன்று இடங்கள் உண்டு: நீங்கள் ஒட்டிய உரை, எழுத்துரு, அந்த இரண்டையும் சேர்த்துத் திரையில் கோத்துக் காட்டும் மென்பொருள். எது கெட்டது என்று கண்டுபிடிக்க, அதே வரியை உங்கள் கைபேசிக்கே அனுப்பிப் பாருங்கள். போனில் சரியாகத் தெரிந்து போட்டோஷொப்பில் மட்டும் உடைந்தால் உரையில் குற்றமில்லை. போனிலும் பிழையாகத் தெரிந்தால் உரையில்தான் பிழை. போட்டோஷொப்பிலேயே கூகுளின் இலவச எழுத்துருவான நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டதும் சரியாகி, வேறொன்றைப் போட்டதும் உடைந்தால் மட்டும் எழுத்துருவைச் சந்தேகியுங்கள். கீழே உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேரே போகலாம். வரிசையாக வாசிக்கத் தேவையில்லை.

உரை முழுதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது

ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. அச்சக வேலையில் ஊறியவர்கள் இதைப் பார்த்ததும் "தமிழ்" என்று வாசித்துவிடுவார்கள். அது பாமினியில் அடித்த உரை. பாமினி எழுத்துருவில் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. எழுத்துருவை மாற்றியவுடன், அல்லது வட்ஸ்அப்பில் ஒட்டியவுடன், உள்ளே இருந்த ஆங்கிலம் வெளியே வந்துவிடும். இன்னோர் அடையாளமும் உண்டு: பாமினியில் "இ" இருப்பது காற்புள்ளி விசையில். அதனால் "இலங்கை" என்ற சொல் காற்புள்ளியோடு தொடங்கும்.

இன்னும் ஏன் பாமினி என்று எரிச்சல் வரும். காரணம் இருக்கிறது. நம் அச்சகங்கள் பலவற்றின் பழைய கோப்புகள் பேஜ்மேக்கரிலும் பழைய கோரல் ட்ரோவிலும் செய்தவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் அதற்கென்றே குறியெண் வைத்திருக்கும் பொது முறையான யூனிகோடு அதற்குத் தெரியாது. கோரல் ட்ரோவிலும் 2012இல் வந்த எக்ஸ்6 பதிப்பில்தான் தமிழ் போன்ற எழுத்துமுறைகளைக் கோக்கும் வசதி ஒழுங்காக வந்தது. மரண அறிவித்தல், நினைவு மலர், கோயில் நோட்டீஸ் எல்லாம் அந்தக் காலத்து மாதிரிக் கோப்புகளிலிருந்து இன்றும் பிரதியாகிக்கொண்டிருக்கின்றன.

தீர்வு, உரையை யூனிகோடுக்கு மாற்றுவது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. கணினியில் நிறுவிக்கொள்ள என்.எச்.எம். கன்வெர்ட்டர் இருக்கிறது. மாற்றிய பிறகுதான் உண்மையான வேலை. பாமினி உரைக்குள் மின்னஞ்சல் முகவரியோ ஆங்கிலப் பெயரோ இருந்தால் அதையும் கருவி தமிழென்று நினைத்து மாற்றிவிடும். ஆகவே ஆங்கிலத் துண்டுகளை முதலிலேயே வேறாக எடுத்து வையுங்கள். காற்புள்ளி, மேற்கோள் குறி, அடைப்புக்குறி ஆகியவை இடம்மாறி வரும். அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆட்களின் பெயர்களை உரிமையாளரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும் உளறலாக வந்தால் மூலம் பாமினியாக இல்லாமலும் இருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த கோப்புகள் டாம், டாப் போன்ற வேறு குறியேற்றங்களில் இருக்கும். கருவியில் அதைத் தெரிவு செய்து பாருங்கள்.

விரல் பாமினி விசைக்குப் பழகிவிட்டது என்றால் அதை மாற்ற வேண்டியதில்லை. என்.எச்.எம். ரைட்டரில் பாமினி விசை ஒழுங்கையே வைத்துக்கொண்டு யூனிகோடில் அடிக்கலாம். போனில் அடிப்பது எப்படியும் யூனிகோடுதான். அவசரத்துக்கு உரையைப் போனில் அடித்து உங்களுக்கே அனுப்பிக்கொள்வது நல்ல வழி.

ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது

"கொக்கட்டிச்சோலை" என்று ஒட்டினீர்கள். போனில் சரி. மென்பொருளில் கொம்பு "க"வுக்குப் பின்னால் போய்விட்டது, அல்லது கொம்பும் அரவும் ("ா") சேர்ந்து ஒரே துண்டாகப் பின்னால் நிற்கிறது. மாணவர்கள் அதிகம் அல்லாடுவது இதில்தான், தீர்ப்பதற்கு எளிதானதும் இதுதான்.

யூனிகோடில் எழுத்துக்கள் ஒலிக்கிற வரிசையில் சேமிக்கப்படுகின்றன: முதலில் "க", பிறகு ஒகரக் குறி. கொம்பை முன்னால் இழுத்து, அரவைப் பின்னால் வைத்து, ஒன்றாகக் கோப்பது மென்பொருளின் பொறுப்பு. அடோபி மென்பொருள்களில் இதைச் செய்யும் பகுதி, கம்போசர் என்ற பெயரில், தனியாக இருக்கிறது. இலத்தீன் எழுத்துக்கென்று அமைத்த வழக்கமான பகுதி ஓடிக்கொண்டிருந்தால் இப்படிக் கோப்பது நடக்காது.

இன்டிசைனில் பராகிராப் பெனலின் மெனுவைத் திறந்து "அடோபி வேர்ல்ட்-ரெடி பராகிராப் கம்போசர்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். பக்கத்துக்குப் பக்கம் இதைச் செய்துகொண்டிருக்க வேண்டாம். பராகிராப் ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குள் ஒருமுறை அமைத்துவிட்டால் மலர் முழுதுக்கும் போதும். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் பிரிஃபரன்ஸஸ், டைப் பகுதியில் "ஷோ இண்டிக் ஒப்ஷன்ஸ்" என்ற பெட்டியில் சரி போடுங்கள்; அதற்குப் பிறகுதான் பராகிராப் மெனுவில் "மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்" கம்போசர் கண்ணில் படும். போட்டோஷொப்பிலும் பிரிஃபரன்ஸஸ், டைப் பகுதியில் இதே பெயரிலோ "வேர்ல்ட்-ரெடி லேஅவுட்" என்ற பெயரிலோ இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு பெயர் சற்று மாறும். அங்கே மாற்றினாலும் ஏற்கெனவே போட்ட எழுத்து லேயர்கள் பழையபடியே இருக்கலாம். அந்த லேயரைத் தெரிவு செய்து பராகிராப் மெனுவிலும் மாற்றுங்கள், அல்லது புதிய லேயரில் மீண்டும் ஒட்டுங்கள்.

அடோபி வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இந்தத் தொல்லையே கிடையாது; அது தமிழைத் தானாகவே சரியாகக் கோக்கும். பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ் 1.6 போதும். இரண்டும் இலவசம். பழைய அடோபிப் பதிப்பைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு கொம்போடு மல்லுக்கட்டுவதைவிட இங்க்ஸ்கேப் பழகுவது மேல் என்பது என் கருத்து.

காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் பள்ளிவாசல் போஸ்டர் செய்பவர்களுக்கு இதே கோளாறு அரபில் வரும்: எழுத்துக்கள் ஒன்றோடொன்று சேராமல், இடமிருந்து வலமாகத் தலைகீழாக நிற்கும். மருந்தும் இதேதான். கூடுதலாக அந்தப் பந்தியின் திசையை வலமிருந்து இடமாக மாற்றிவிடுங்கள். அரபு வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

எழுத்தோடு ஒரு புள்ளி வட்டம் ஒட்டிக்கொண்டு வருகிறது

புள்ளிகளால் ஆன சிறு வட்டம் தெரிந்தால், ஓர் உயிர்க்குறி தனக்கு உரிய மெய் இல்லாமல் தனியே நிற்கிறது என்று பொருள். போனிலும் அதே வட்டம் இருக்கும். கொம்பை முதலில் அடித்து "க"வைப் பிறகு அடித்திருப்பீர்கள், அல்லது அரவை இரண்டு முறை தட்டியிருப்பீர்கள், அல்லது எழுத்துக்கும் குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி நுழைந்திருக்கும். பீடிஎஃப்பிலிருந்து பிரதி எடுத்த உரையில் இது சாதாரணம். அந்தச் சொல்லை முழுதாக அழித்துவிட்டு மீண்டும் அடியுங்கள். ஒட்டுப்போட்டுத் திருத்தினால் கண்ணுக்குத் தெரியாத குறிகள் உள்ளே தங்கிவிடும்.

கௌரவ அதிதியைத் தேடினால் கிடைக்கவில்லை

நிகழ்ச்சி நிரலில் "கௌரவ" என்று இருக்கிறது. தேடல் பெட்டியில் அடித்தால் இல்லை என்கிறது. யாரோ "க", ஒற்றைக்கொம்பு, பிறகு "ள" என்று மூன்றாகத் தட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நல்ல எழுத்துருக்களில் ஔகாரக் குறி "ள"வைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். பெரிய பெனரில் வித்தியாசம் தெரிந்துவிடும். "ஔவையார்" எழுதும்போதும் இதே கதை. ஒருமுறை தேடி மாற்றிவிடுங்கள்.

சில எழுத்து மட்டும் கட்டமாக வருகிறது, அல்லது வேறு முகத்தோடு வருகிறது

இங்கே குற்றவாளி எழுத்துரு. அலங்கார எழுத்துருக்கள் பலவற்றில் ஸ, ஷ, ஹ, ஜ வரையப்பட்டிருக்காது. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத் திருவிழா போஸ்டரில் "ஸ்ரீ" உடையும். காத்தான்குடியில் "ஹாஜியார்" உடையும். ௐ என்ற குறி 2008இல்தான் யூனிகோடில் சேர்ந்தது, அதற்கு முந்திய எழுத்துருவில் அது இருக்காது.

"ஸ்ரீ"க்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. அதை ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். எழுத்துருவைப் பொறுத்து ஒன்று சேரும், மற்றது பிரிந்து நிற்கும். ஒன்று சரிவராவிட்டால் மற்றதை முயலுங்கள்.

இன்னும் ஆழமான சோதனை உகர வரிசையில் இருக்கிறது. தமிழில் அரவு, கொம்பு, விசிறி எல்லாம் பெரும்பாலும் ஒரே உருவம். ஒருமுறை வரைந்தால் ஓடும். உகரமும் ஊகாரமும் அப்படியில்லை. 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 உருவங்களைத் தனித்தனியே வரைய வேண்டும். அவசரத்தில் செய்த எழுத்துரு அங்கேதான் பல்லைக் காட்டும். ஒரு புதிய எழுத்துருவை ஏற்றியதும் இப்படி ஒரு வரியை அடித்துப் பாருங்கள்: "முழுநிலா இரவில் வடமோடிக் கூத்து, ஞாயிறு 7.30, கௌரவ அதிதிகள், நுழைவு இலவசம், ஸ்ரீ, ஹ, ஜ, ௐ." இதில் கூ, ழு, நு, று, ஞா ஐந்தும் ஒரே குடும்பமாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவை நம்பலாம்.

எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் மட்டும் மாறவில்லை

நீங்கள் தெரிவு செய்த எழுத்துருவில் தமிழே இல்லை. மென்பொருள் சத்தமில்லாமல் வேறொன்றைப் போட்டுச் சமாளிக்கிறது. பொப்பின்ஸ் இதற்கு நல்ல உதாரணம்: அதில் இலத்தீனும் தேவநாகரியும் உண்டு, தமிழ் கிடையாது. கன்வாவிலும் இதே நடக்கும்.

வேர்டில் காரணம் வேறு. அங்கே தமிழுக்கான எழுத்துருவும் அளவும் "கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்" என்ற தனிப் பகுதியில் இருக்கலாம். ஃபொண்ட் பெட்டியைத் திறந்து அங்கே மாற்றுங்கள். விண்டோஸ் 10இல் பழைய லதா, விஜயா காணாமல் போனால் பதற வேண்டாம். ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழுக்கான மேலதிக எழுத்துருக்கள் என்று இருக்கும், அதை நிறுவினால் வந்துவிடும்.

போல்ட் போட்டால் சுழிகள் அடைக்கின்றன

போல்ட் பொத்தானை அழுத்தினீர்கள், எழுத்துரு குடும்பத்தில் போல்ட் இல்லை, மென்பொருள் தானாகவே எழுத்தை ஊதிப் பெருப்பிக்கிறது. "ண", "ஞ" போன்றவற்றின் சுழிகள் மூடிக்கொள்கின்றன. குற்று (மெய்யின் மேல் வைக்கும் புள்ளி) பக்கத்து எழுத்தோடு ஒட்டுகிறது. சாய்வெழுத்தும் அப்படியே, தமிழ் அச்சில் அதற்கு மரபு இல்லை, சாய்த்தால் விழப்போகிற மாதிரி இருக்கும். அழுத்தம் வேண்டுமென்றால் உண்மையான கனம் உள்ள குடும்பத்தை எடுங்கள். கட்டமரானில் ஒன்பது கனங்கள் இருக்கின்றன. முக்த மலர், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் ஆகியவையும் பல கனங்களில் வருகின்றன. பலூ தம்பி தடித்த தலைப்புக்கென்றே செய்தது. எல்லாம் கூகுள் ஃபொண்ட்ஸில் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம்.

நீளமான தலைப்பு பெனருக்குள் அடங்கவில்லை என்று பக்கவாட்டில் 70 சதவீதத்துக்கு நெரிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். நெரித்தால் நெடுங்கோடுகள் மெலிந்து கிடைக்கோடுகள் மட்டும் தடித்து நிற்கும். அனெக் தமிழில் அகலத்தையே கூட்டிக் குறைக்கலாம், 75 முதல் 125 வரை. ஒடுங்கிய வடிவத்தையும் வடிவமைப்பாளரே வரைந்திருப்பதால் கோடுகள் கெடாது.

தலைப்பைச் சுற்றி வெள்ளை விளிம்பு போட்டதும் எழுத்துக்குள்ளேயே கோடுகள் தெரிகின்றனவா? அது அடுக்கி வரைந்த பாகங்களின் விளிம்பு. கனத்தையும் அகலத்தையும் ஒரே கோப்பில் கூட்டிக் குறைக்கக்கூடிய வேரியபிள் எழுத்துருக்களில் அடிக்கடி வரும். இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்தை அவுட்லைன் (திருத்த முடியாத வெறும் வடிவம்) ஆக்கிப் பாத்ஃபைண்டரில் யுனைட் அழுத்துங்கள். உரையை உயிரோடு வைத்திருக்க வேண்டுமென்றால் அப்பியரன்ஸ் பெனலில் புதிய ஸ்ட்ரோக் ஒன்றைச் சேர்த்து "கரெக்டர்ஸ்" என்ற வரிக்குக் கீழே இழுத்து விடுங்கள்.

பந்தி நெருக்கமாக, அல்லது ஓட்டை ஓட்டையாக இருக்கிறது

ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளியைத் தமிழுக்கும் போட்டால் கீழிறங்கும் "ஞூ"வும் மேலேறும் "கீ"யும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவின் ஒன்றரை மடங்கிலிருந்து தொடங்குங்கள், பிறகு கண்ணால் குறையுங்கள்.

எழுத்துக்களைத் தள்ளித் தள்ளி வைப்பது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அழகாக இருக்கலாம். தமிழில் கொம்பு தன் எழுத்தைவிட்டு விலகி, முன்னே உள்ளதற்குச் சொந்தமா பின்னே உள்ளதற்குச் சொந்தமா என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். செய்யாதீர்கள்.

ஓட்டைகளுக்குக் காரணம் இரு பக்கமும் நேராக்கும் ஜஸ்டிஃபை. "மட்டக்களப்பிலிருந்து" போன்ற சொல் வரியில் அடங்காமல் கீழே போனால் மேலே மிஞ்சிய நான்கு சொற்களும் வரி முழுதும் பரந்து கிடக்கும். ஒடுங்கிய பத்தியில் இடப்பக்கம் மட்டும் நேராக்குங்கள். செய்தித்தாள் போல் சொல்லை உடைத்தே தீர வேண்டுமென்றால், புதிய வரி குற்று வைத்த மெய்யில் தொடங்கக் கூடாது என்ற பழைய அச்சக விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மொழிப் பலகையில் தமிழ் மட்டும் தேய்ந்து போகிறது

அம்பாறை மாவட்டத்தில் டிசைன் வேலை என்றால் பெரும்பாலும் மூன்று மொழி வேலை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே அளவில் போட்டுவிட்டு "சமமாகத்தானே போட்டேன்" என்பார்கள். புள்ளிக் கணக்கில் சமம்; கண்ணுக்குச் சமமில்லை. ஒரே 24 புள்ளியில் ஓர் எழுத்துருவின் உடல் பெரிதாகவும் இன்னொன்றின் உடல் சிறிதாகவும் இருக்கும். எழுத்துரு செய்தவர் மேலும் கீழும் எவ்வளவு இடம் ஒதுக்கினார் என்பதைப் பொறுத்தது அது.

அளவு எண்ணைப் பார்க்காமல் இப்படிச் செய்யுங்கள். தமிழ் "ப", சிங்களக் ககரம், ஆங்கிலச் சிறிய எக்ஸ், பெரிய எச் நான்கையும் ஒரே அடிக்கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தமிழ் "ப"வின் உயரம் எக்ஸுக்கும் எச்சுக்கும் இடையில் வருமாறு, சிங்கள எழுத்தின் உடலோடு ஒத்துப்போகுமாறு கூட்டிக் குறையுங்கள். பிறகு கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: மூன்று வரியும் ஒரே அளவு கறுப்பாகத் தெரிய வேண்டும். ஒரு வரி மட்டும் வெளிறினால் அதன் கனத்தை ஒரு படி ஏற்றுங்கள்.

அதற்குப் பிறகு அகலம். ஒலுவிலில் உள்ள பல்கலைக்கழகத்தின் பெயரையே எடுத்துப் பாருங்கள். "பல்கலைக்கழகம்" என்பது உடைக்க முடியாத ஒரே சொல், ஒன்பது எழுத்து, ஒவ்வொன்றும் அகலம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பத்து எழுத்து, ஆனால் பாதி எழுத்துக்கள் ஈர்க்குச்சி. சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் வைத்துப் பலகையை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் தமிழைத் திணித்தால் அது தேயாமல் என்ன செய்யும்? முதலில் தமிழ் வரியை வையுங்கள். அது அடங்கும் அளவை மற்ற இரண்டுக்கும் கொடுங்கள். எந்த மொழி மேலே வர வேண்டும் என்பது வேறு விடயம். வேலையைத் தொடங்குவது மிக அகலமான வரியிலிருந்து.

எழுத்துருச் சோடி தேடுபவர்களுக்கு நோட்டோ குடும்பம் பாதுகாப்பான தொடக்கம்: சான்ஸும் செரிஃபும் தமிழிலும் சிங்களத்திலும் உண்டு. கொஞ்சம் குணம் வேண்டுமென்றால் கொழும்பைச் சேர்ந்த மூனியாக் குழுவின் "போஸ்ட் நோ பில்ஸ்" பாருங்கள். தகட்டில் வெட்டி மை பூசுகிற ஸ்டென்சில் எழுத்தின் சாயல். சிங்களத்துக்குக் கொழும்பு என்றும் தமிழுக்கு யாழ்ப்பாணம் என்றும் பெயர். மட்டக்களப்பு இன்னும் வரவில்லை. அதைச் செய்ய யாராவது இருக்கிறீர்களா?

சிங்கள "ஸ்ரீ" பிரிந்து நின்றால் உள்ளே இருக்க வேண்டிய, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி பிரதியெடுக்கும்போது உதிர்ந்திருக்கும். சிங்கள விசைப்பலகையில் திரும்ப அடியுங்கள். பார்க்காமல் விட்டால் நாட்டின் பெயரே பலகையில் பிழையாக நிற்கும்.

எல்லாம் சரி, ஆனால் பார்த்தால் எல்லாருடையதும் ஒன்றுபோல் இருக்கிறது

இது மென்பொருளில் தீராது. யோசனை வரவில்லை என்று பின்டரஸ்டில் தமிழ் டைப்போகிராஃபி என்று தேடினால், அதையே தேடிய மற்றவர்கள் பார்த்ததைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள். அதனால்தான் எல்லாருடையதும் ஒன்றாக இருக்கிறது.

வெளியே போங்கள். நாவலடிப் பக்கம் கரையில் இழுத்துவிட்டிருக்கும் தோணிகளின் பெயர்கள், ஓட்டோவின் பின்பக்க வாசகங்கள், காத்தான்குடிப் பெயர்ப்பலகைகளில் அரபோடு பக்கத்தில் நிற்கும் தமிழ், தேவாலயக் கல்லறைகளில் செதுக்கிய எழுத்து. தூரிகைக்காரர் இடமில்லாதபோது "ழ்" எப்படி மடக்கினார், "ஐ"யின் சுழியை எங்கே தொடங்கினார் என்று பாருங்கள். பெனர் வந்த பிறகு கையால் எழுதிய பலகைகள் குறைந்துகொண்டே போகின்றன. காண்பதைப் படமெடுத்து வையுங்கள். நேர் எதிரே நின்று எடுங்கள். சரிவாக எடுத்த படம் பார்க்க அழகு, வரைந்து பழக உதவாது. ஊரையும் திகதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். பலகை எழுதியவரைக் கண்டால் பேச்சுக் கொடுங்கள். தூரிகையை எந்தப் பக்கம் இழுத்தார் என்பது படத்தில் தெரியாது.

வீட்டிலிருந்தே பார்க்க, 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. இலங்கைத் தமிழ்ச் சஞ்சிகைகள், சிறப்பு மலர்கள், பத்திரிகைகளின் அட்டையையும் தலைப்பெழுத்தையும் மட்டும் வரிசையாகப் புரட்டுங்கள். வாசிக்கத் தொடங்கிவிட்டால் நேரம் போய்விடும், அது வேறு கதை. மானிப்பாய் அமெரிக்க மிசன் அச்சகத்தின் 19ஆம் நூற்றாண்டுப் பக்கங்களைக் கண்டால் நிறுத்திப் பாருங்கள். ஈயத்தில் வார்த்த எழுத்தில் தடிப்பும் மெலிவும் இருந்தன. இன்றைய ஒரே தடிப்புக் கோடு அதற்குப் பிறகு வந்த ரசனை. அந்தப் பழைய மெலிவு நவீன எழுத்துருவில் வேண்டுமென்றால் டைரோ தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டையும் பாருங்கள். நம் நாட்டவரான தாரிக் அஸீஸ் செய்த கவிவாணரும் பவனமும் கூகுள் ஃபொண்ட்ஸில் உண்டு. ஒன்று கையெழுத்து நடை, மற்றது தெளிந்த நவீன நடை. ஒருவரே எப்படி இரண்டு குணத்தில் வரைந்திருக்கிறார் என்று ஒப்பிடுங்கள்.

பிறகு ஒரு பயிற்சி. படமெடுத்த பலகை ஒன்றில் இருக்கிற எழுத்துக்களைப் பார்த்து, அதில் இல்லாத எழுத்துக்களை அதே கையில் வரையுங்கள். தோணியில் "சமுத்திர ராணி" இருக்கிறதா? அந்த நடையில் "ஞ", "ழ", "கூ", "ஐ", "றூ" எப்படி இருக்கும்? இருப்பதை ஒற்றியெடுப்பது பத்து நிமிட வேலை. இல்லாததைக் கண்டுபிடிக்கும்போதுதான் அந்த ஓவியர் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றாக விளங்கும். கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காட்சிக்கலை படிப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து செய்தால் ஆளுக்கொரு வரிசை எடுத்துக்கொள்ளலாம். வரைந்ததை எழுத்துருவாக்க ஃபொண்ட்ஃபோர்ஜ் இலவசம். அதன் முகம் பழசு, பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

திரையில் கூர்மை, அச்சில் கலங்கல்

சிறிய எழுத்தை நான்கு மையும் கலந்த கறுப்பில் அச்சிட்டிருப்பீர்கள். போட்டோஷொப்பின் வழக்கமான அமெரிக்க அச்சு அமைப்பில் சாதாரணக் கறுப்பைச் சீஎம்வைகேக்கு மாற்றினால் சயான் 75, மஜெந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று வரும். மொத்தம் 300 சதவீத மை. அச்சுத் தகடு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் விழும். குற்றும் சுழியும் முதலில் போகும். வாசிக்கும் அளவு எழுத்துக்குக் கறுப்பு 100, மற்ற மூன்றும் சுழியம். அதோடு பந்தி எழுத்தைப் போட்டோஷொப்பில் போடாதீர்கள். படத்தை அங்கே முடித்து, எழுத்தை இல்லஸ்ட்ரேட்டரிலோ இன்டிசைனிலோ சேருங்கள்.

அச்சகத்தில் திறந்ததும் எழுத்து மாறிவிட்டது

நீங்கள் அனுப்பிய பீடிஎஃப்பை அங்கே கோரலிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ திறந்திருப்பார்கள். உங்கள் எழுத்துரு அவர்களிடம் இருக்காது, கோக்கும் அமைப்பும் வேறாக இருக்கும். இரண்டு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: திருத்தக்கூடிய மூலம் உங்களிடம், எல்லா எழுத்தையும் அவுட்லைன் ஆக்கிய பிரதி அச்சகத்துக்கு. அவுட்லைன் ஆக்கும் முன் பெயர், திகதி, தொலைபேசி எண் மூன்றையும் ஒருவர் சத்தமாக வாசிக்க இன்னொருவர் பார்க்கட்டும். வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் விடுங்கள்.

"பாமினியில் தந்தால்தான் செய்யலாம்" என்று சொல்லும் அச்சகமும் இருக்கும். அவர்கள் கேட்பது பெரும்பாலும் கடைசி நேரத்தில் ஓர் எழுத்தைத் திருத்தும் வசதிக்காக. திருத்தம் இருந்தால் உங்களிடம் சொல்லச் சொல்லி, புதிய அவுட்லைன் பிரதியை அன்றைக்கே வட்ஸ்அப்பில் டொக்கியுமெண்டாக அனுப்புவதாகச் சொல்லுங்கள். ஃபோட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும்.